நான்காவது கோடு

பதுவா, 4 பிப்ரவரி 1982

ஃபுல்வியா,

உறையின் பின்புறம் என் பெயரைப் பார்த்ததும் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவாயோ என்ற சந்தேகத்தோடுதான் எழுதுகிறேன். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. நலமா என்று கேட்கும் உரிமைகூட எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. அதனால் விஷயத்துக்கே வருகிறேன்.

போன வாரம் கண் மருத்துவரிடம் போனேன். நானாகப் போகவில்லை, இன்னமும் எங்கள் ஆய்வகத்துக்குத் தலைவராக இருக்கும் டாக்டர் தெஸ்ஸாரி அனுப்பிவைத்தார். மருத்துவர் சின்னப் பையன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றியபடியே கேட்டான்.

"என்ன வேலம்மா பாக்கறீங்க?"

"கோடு எண்றேன்."

"கோடா? தையல் வேலையா?"

அவனுக்கு விளக்க வேண்டியதாயிற்று. ஜெனீவாவில் உள்ளங்கை அகலக் கலம் ஒன்றில் திரவ ஹைட்ரஜனை நிரப்பி, அதற்குள் மிக வேகமான துகள்களைப் பாய்ச்சுகிறார்கள். மின்னூட்டம் உள்ள துகள் போகும் வழியெல்லாம் நுண்குமிழிகள் வரிசையாக எழும்பும். அதைப் படம்பிடித்துச் சுருள் சுருளாக எங்களுக்கு அனுப்புவார்கள். நான் அதை வெள்ளை மேசைமேல் பெரிதாக விழவைத்துப் பார்ப்பேன். மோதலில் பிறக்கும் சில துகள்கள் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாமல் சிதைந்துவிடும். சிதைந்த இடத்திலிருந்து எத்தனை கோடு கிளம்புகிறது என்று எண்ணி எழுத வேண்டும்.

"அவ்வளவுதானா?" என்றான்.

"அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷமா."

எல்லாச் சோதனையும் முடிந்தபிறகு, "இந்தக் கண்ண எனக்குக் குடுத்துட்டுப் போங்கம்மா" என்றான். கண்ணில் ஒரு குறையும் இல்லையாம்.

ஆனால் என் கணக்கில் இருக்கிறது. இதே சுருள்களின் நகலை உங்கள் ஊரில் இன்னொருவர் எண்ணுகிறார். முதல் முப்பது சுருள்களை ஒப்பிட்டார்கள். ஒரு வகைச் சிதைவில் என் சராசரி அவருடையதைவிட அரைக் கோடு அதிகம். அரைக் கோடு என்று உலகத்தில் ஒன்றும் இல்லை, சராசரியில் மட்டும்தான் இருக்கிறது. அது போதும் என்னை அனுப்ப. ஏப்ரல் கடைசியில் கூட்டம். இரண்டு பேரில் ஒருவர் தாள்களைத் தள்ளிவிடுவார்களாம். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. என் தாள்களைத் தள்ளினால் மேசையும் போய்விடும். கீழே கிடங்கில் படச்சுருள் டப்பாக்களுக்குப் பெயர் ஒட்டும் வேலை இருக்கிறது என்று தெஸ்ஸாரி அன்பாகத்தான் சொன்னார்.

அந்த இன்னொருவர் யார் என்று அவர் சொல்லவில்லை. ஒப்பிடக் காட்டிய தாளின் மூலையில் அவர் கையெழுத்தில் ஒரு ஏழு இருந்தது. நடுவில் குறுக்குக் கோடு போட்டு வாலைச் சுருட்டிய ஏழு. அப்படி எழுதுகிற ஆளை எனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சுருள் 31, படம் 1187. மூன்றா, நான்கா?

ஒர்னெல்லா


திரியெஸ்தே, 11 பிப்ரவரி 1982

திருமதி ஒர்னெல்லா சானின் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அதன் கடைசி வரியைக் கத்தரித்து இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

31ஆம் சுருள் இன்னும் என் மேசைக்கு வரவில்லை. இனி வந்தாலும் என்னால் அதை எண்ண முடியாது. 1187ஆம் படம் மேசையில் விழும்போது உங்கள் "மூன்றா, நான்கா" என் காதில் விழும். ஆகவே அந்தச் சுருளை வேறொருவருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். தலைவலி என்றேன்.

இரண்டு பேர் பேசிக்கொண்டு எண்ணினால் அது ஒருவர் எண்ணியதற்குச் சமம் என்று 1973 மார்ச்சில் டாக்டர் தெஸ்ஸாரியின் அறையில் நீங்கள் சொன்னீர்கள். கதவு திறந்துதான் இருந்தது. நான் வெளியே நின்றிருந்தேன். அடுத்த மாதமே என்னை இந்த ஊருக்கு மாற்றினார்கள்.

கண் நன்றாக இருப்பதில் மகிழ்ச்சி.

ஃபுல்வியா ப்ரெஸ்ஸான்


பதுவா, 17 பிப்ரவரி 1982

ஃபுல்வியா,

கத்தரித்த வரி வந்து சேர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜினோவிடம் காட்டினேன். "சரியாத்தான் வெட்டியிருக்கா. எழுத்துமேல கத்திரி படவே இல்ல பாரு" என்றார். என் கணவரை உனக்கு நினைவிருக்கும். நாளிதழில் இன்னமும் அச்சுப்பிழை திருத்துகிறார்.

நான் கேட்டது தவறு. கேட்டது நான் என்பது இன்னும் பெரிய தவறு.

1973இல் நடந்ததற்கு என் பக்கத்தையும் ஒரு தடவை எழுதிவிடுகிறேன். ஜினோவின் அலுவலகத்தில் முக்கியமான பக்கத்தை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுப்பார்கள். ஒருவர் பன்னிரண்டு பிழை கண்டுபிடிக்கிறார். இன்னொருவர் பத்து. இரண்டிலும் பொதுவாக இருப்பது எட்டு. பன்னிரண்டைப் பத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் பதினைந்து. பக்கத்தில் மொத்தம் பதினைந்து பிழை இருக்கலாம். இருவரும் சேர்ந்து கண்டது பதினான்கு. அப்படியானால் யார் கண்ணிலும் படாத பிழை ஒன்று இன்னும் அதில் உட்கார்ந்திருக்கிறது. கண்டதை வைத்துக் காணாததை எண்ணுகிற இந்த வித்தையைத்தான் நம் வேலையிலும் செய்கிறார்கள். ஆனால் இரண்டாமவர் முதலாமவரின் தாளைப் பார்த்து எழுதினால்? பன்னிரண்டு, பன்னிரண்டு, பொதுவும் பன்னிரண்டு. மிச்சம் ஒன்றுமில்லை என்று கணக்கு சத்தியம் செய்யும். பிழை அப்படியே அச்சாகும்.

அன்று நான் 808ஆம் படத்தைத் தவறாக 806 என்று எழுதியிருந்தேன். உன் தாளிலும் 806 என்றே இருந்தது. அதைப் பார்த்தபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

இப்போது என் குழப்பம் வேறு. கண் நன்றாக இருக்கிறது. படம் அதே படம். விதி அதே விதி. பிறகு அந்த அரைக் கோடு எங்கிருந்து வருகிறது? மேசையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இதை ஆரம்பித்தேன். இப்போது சந்தையில் கீரை வாங்கும்போதுகூட இதையே யோசிக்கிறேன்.

ஒர்னெல்லா


திரியெஸ்தே, 1 மார்ச் 1982

திருமதி ஒர்னெல்லா அவர்களுக்கு,

நான்கு நாளாக ஆளைத் தள்ளும் காற்று. தெருவோரச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். வீட்டுக்கு வந்தும் கோபம் தணியாததால் எழுதுகிறேன்.

நான் உங்கள் தாளைப் பார்க்கவே இல்லை. நீங்கள் வாய்விட்டு எண்ணுவீர்கள். உங்களுக்கு அது தெரியாது. "எண்ணூத்தி ஆறு... ஒண்ணு, ரெண்டு, மூணு... ம்ம்... நாலு." அரை மீட்டர் தள்ளி இருட்டில் உட்கார்ந்து நாள் முழுக்க நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் மேசையை மாற்றுங்கள் என்று இரண்டு முறை கேட்டேன். "ஒர்னெல்லா தங்கமான பொம்பள, அவகூடவா உனக்கு ஒத்துப்போகல?" என்றார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். சிரித்தார்கள். கடைசியில், என் கண்ணால் பார்த்த எண் எது, காதில் விழுந்த எண் எது என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இதைச் சொல்ல ஒன்பது வருடம் ஆயிற்று. சரி.

அந்த அரைக் கோடு எனக்கும் தூக்கம் கெடுக்கிறது. ஒரு யோசனை. எண்கள் வேண்டாம், படங்களின் பெயர் வேண்டாம். நாம் என்ன பார்த்தோம் என்பதை எழுத வேண்டாம். என்ன செய்கிறோம் என்பதை எழுதுவோம். மின்னூட்டம் இல்லாத தாய்த்துகள் கோடு விடாமல் வந்து சிதைந்தால் இரட்டைப்படையில் கோடு கிளம்ப வேண்டும் என்பது விதி. அந்த இடத்தில் மூன்று வந்துவிட்டால் உங்கள் கை என்ன செய்கிறது? என் கை என்ன செய்கிறது? இருவரும் மார்ச் பத்தாம் தேதி நண்பகல் தபாலில் போடுவோம். கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று கடந்து போகட்டும்.

முந்தியும் வேண்டாம், பிந்தியும் வேண்டாம்.

ஃபுல்வியா ப்ரெஸ்ஸான்


பதுவா, 10 மார்ச் 1982

ஃபுல்வியா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஜினோவிடம் கேட்டேன். "நான் எண்ணும்போது சத்தம் போடுவேனா?"

"நீ வெங்காயம் நறுக்கும்போதே எண்ணுவ" என்றார்.

"இருபத்தாறு வருஷத்துல இத ஏன் சொல்லல?"

"கேக்க நல்லா இருக்கும். அதான்."

மன்னிப்பு என்பதை ஒரு வரியில் எழுதிக் கடந்துபோக எனக்கு விருப்பமில்லை. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். இன்று நண்பகலுக்குள் எழுதவேண்டியதை எழுதுகிறேன்.

விதியை முதன்முதலில் விளக்கும்போது நடனக் கூடத்தை உதாரணமாகச் சொன்னார்கள், நினைவிருக்கிறதா? மின்னூட்டம் இல்லாத தாயிடமிருந்து நேரும் எதிரும் ஜோடி ஜோடியாகத்தான் வெளியேறும். ஆகவே இரண்டு, நான்கு. மின்னூட்டம் உள்ள தாய் என்றால் அவளே கோடு விட்டுக்கொண்டு வருவாள். அங்கே ஜோடி இல்லாத ஒருவர் மிஞ்சுவார். ஆகவே ஒன்று, மூன்று, ஐந்து.

தாய்க்கோடு இல்லாத இடத்தில் மூன்று வந்தால் நான் ஒரு கோட்டைத் தவறவிட்டிருக்கிறேன் என்று அர்த்தம். எனக்கு வெட்கமாக இருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தேடுவேன். மங்கலாக, குமிழி விட்டு விட்டு, ஓரமாக ஒன்று இருக்கும். சில நாள் பத்து நிமிடம் ஆகும். ஆனால் நான்காவதைக் கண்டுபிடிக்காமல் நான் எழுந்ததே இல்லை.

மேலே எழுதிய கடைசி வரியைத் திரும்பப் படித்தேன். ஒரு தடவைகூட எழுந்ததில்லை. ஃபுல்வியா, அது எப்படி?

தபால் நேரமாகிவிட்டது.

ஒர்னெல்லா


திரியெஸ்தே, 10 மார்ச் 1982

திருமதி ஒர்னெல்லா அவர்களுக்கு,

கேட்டதற்குப் பதில்.

மூன்று வந்தால், நடுவில் ஏதோ ஒட்டுக்கோடு புகுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். பின்னால் வேறெங்கோ பிறந்து இந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு போகிற கோடுகள் ஏராளம். மூன்றில் எது மற்ற இரண்டோடு சரியாகச் சேரவில்லை என்று பார்ப்பேன். ஒன்று அகப்படும். அதைக் கணக்கில் சேர்க்காமல் இரண்டு என்று எழுதுவேன்.

காதில் விழுந்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டதற்காக ஒரு தடவை தண்டனை வாங்கியவள் நான். அதன்பிறகு எதையும் எளிதில் சேர்ப்பதில்லை. இந்த வாக்கியத்தை எழுதும்வரை இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று நினைத்ததில்லை.

ஃபுல்வியா


பதுவா, 16 மார்ச் 1982

ஃபுல்வியா,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். கோட் கழற்றவில்லை.

நான் மூன்றை நான்காக்கியிருக்கிறேன். நீ அதே மூன்றை இரண்டாக்கியிருக்கிறாய். விதிக்கு இரண்டுமே சம்மதம். நம் இருவர் தாளிலும் ஒற்றைப்படை ஒன்றுகூட இல்லாததைப் பார்த்து எல்லோரும் பாராட்டியிருக்கிறார்கள். விதியைச் சரிபார்க்கத்தான் நம்மை உட்கார வைத்தார்கள், நாம் விதிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். வகுப்பில் விடையை முன்பே சொல்லிவிட்டுக் கணக்கைக் கொடுத்தால் பிள்ளைகள் என்ன செய்யும்? எப்படியாவது அந்த விடைக்கு வந்து சேரும். சில பிள்ளை கூட்டும், சில பிள்ளை கழிக்கும்.

திங்கட்கிழமை தெஸ்ஸாரியிடம் போய், என் இரட்டைப்படைகளை நம்ப வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். பதினோரு மாத வேலை போகும். கிடங்கும் உறுதியாகிவிடும். ஆனால் என்னைப் பற்றி மட்டும்தான் சொல்வேன். போன தடவை உன்னைப் பற்றிச் சொல்லப் போனேன். இந்தத் தடவை உன் பெயர் என் வாயில் வராது. உன் தாள்களைத்தான் ஏற்கப்போகிறார்கள் என்று கேள்வி. அதை நான் கெடுக்க மாட்டேன்.

ஒர்னெல்லா


திரியெஸ்தே, 19 மார்ச் 1982

ஒர்னெல்லா,

நீ பெரிய மனசுக்காரிதான். ஆனால் கணக்கு தெரியாதவள். உன் மிகையை மட்டும் தூக்கி எறிந்துவிட்டு என் குறையை வைத்துக்கொண்டால் சராசரி எப்படிச் சரியாகும்?

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. சமைத்தேன், சாப்பிட்டேன், பாத்திரம் கழுவினேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஏப்ரலில் என் தாள்களை மேசைமேல் வைத்து வாழ்த்துவார்கள், உன்னைக் கீழே அனுப்புவார்கள். ஒன்பது வருடத்தில் எத்தனையோ தடவை அதைப் போல ஒன்றை நான் கற்பனை செய்திருக்கிறேன். சொல்லிவிடுகிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

இன்று காலை எட்டரைக்கு எங்கள் துறைத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் காபியைக் கீழே வைத்தார்.

"யாரும் கேக்கலையேம்மா. எதுக்கு நீங்களா வந்து சொல்றீங்க?"

"திங்கக்கிழமை பதுவாவுலேர்ந்து ஒருத்தி சொல்லுவா. அதுக்கு முந்தி நான் சொல்லணும்."

"போட்டியா இது?"

"ஆமா."

நீ திங்கட்கிழமை போ. நான் முந்திக்கொண்டேன்.

ஃபுல்வியா


பதுவா, 20 மே 1982

ஃபுல்வியா,

ஏப்ரல் கூட்டத்தில் ஒருவர் தாளையும் ஏற்கவில்லை. முப்பது சுருளிலும் ஏற்கெனவே குறித்துவைத்த சிதைவுகளை மட்டும் இருவரும் மறுபடி எண்ண வேண்டும். அது முடியும்வரை என் மேசை என்னுடையது. அதற்கப்புறம் தெரியாது.

இந்த முறை தெஸ்ஸாரி ஒரு செருப்புப் பெட்டியின் அட்டையைக் கறுப்படித்துத் தானே வெட்டிக்கொண்டு வந்தார். அங்கேயும் கொடுத்திருப்பார்கள். சிதைந்த இடத்துக்கு முன்னால் உள்ள பகுதியை அது மறைத்துவிடுகிறது. தாய்க்கோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. ஒற்றையா இரட்டையா, எது வர வேண்டும் என்றும் தெரியாது. எண்ணி, எழுதி, கையெழுத்துப் போட்டபிறகே அட்டையை எடுக்க வேண்டும்.

முதல் நாள் மூன்று என்று எழுதிவிட்டு இன்னும் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். சரியா தவறா என்று சொல்ல யாருமில்லை. இருட்டில் படியிறங்குவதுபோல இருந்தது. நான்காம் நாள் பழகிவிட்டது. ஐந்தாம் நாள், உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. எது வரும் என்று தெரியாமல் ஒன்றைப் பார்த்து எத்தனை வருடமாயிற்று!

எண்ணும்போது வாயில் ஒரு மிட்டாய் போட்டுக்கொள்கிறேன். அறையில் இப்போது அமைதி. பக்கத்து மேசைக்காரி, "ஒர்னெல்லாக்கா, ஒடம்பு சரியில்லையா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். அவளிடம் உன் கதையைச் சொன்னேன். உன்னிடம் அன்றே கேட்டிருக்க வேண்டியதை ஒன்பது வருடம் கழித்துக் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

ஒர்னெல்லா


திரியெஸ்தே, 18 ஜூன் 1982

ஒர்னெல்லா,

ஐந்து மணி ரயிலைப் பிடித்தாயா? நேற்று இங்கே வந்து எங்களோடு தாள்களை ஒப்பிட்டுவிட்டு நீ கிளம்பிய அவசரத்தில் மீதி மீன் பொட்டலத்தை மேசையிலேயே விட்டுவிட்டாய். நானே சாப்பிட்டேன்.

நீ போனபிறகு சராசரியைப் போட்டுக் காட்டினார்கள். உன்னுடையதற்கும் என்னுடையதற்கும் இடையில் இருந்த அரைக் கோடு காணவில்லை. இனி நம் தாள்களை வைத்துக் காணாததையும் எண்ணலாம்.

ஆனால் இங்கே எல்லோரும் பேசுவது அந்த ஏழு படங்களைப் பற்றித்தான். அட்டையை எடுத்தபிறகு தாய்க்கோடு இல்லை, ஆனால் இருவரும் தனித்தனியாக மூன்று என்றே எழுதிய ஏழு. முதல் ஆறில் நீ காட்டியதை எங்கள் தலைவர் அளந்து பார்த்துவிட்டார். "இந்தக் கோடு இங்க மட்டும் தடிப்பா இருக்கு பாருங்க, ரெண்டு கோடு ஒண்ணுமேல ஒண்ணு படுத்திருக்கு" என்றாயே, ஆறிலும் அப்படியேதான். தாய்க்கோடு இருந்திருக்கிறது, இன்னொரு கோட்டுக்கு அடியில். அவை மூன்றேதான். நான் இரண்டாக்கி, நீ நான்காக்கி இத்தனை நாள் புதைத்து வைத்திருந்தவை. உன் கண்ணைப் பற்றி இனி இங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஏழாவதுக்கு நேரமில்லாமல் போய்விட்டது. சுருள் 22, படம் 412. வெள்ளிக்கிழமைக்குள் அதற்கும் ஒரு முடிவு வேண்டுமாம். "பதுவாம்மா நாலுன்னா நாலு, மூணுன்னா மூணு. அவங்க சொல்றத அப்படியே எழுதிக்கறோம்" என்று தலைவரே சொல்கிறார். அந்தப் படத்தின் நகல் உன்னிடம் இருக்கிறது. பார்த்து எழுது. என் தாளை மூடிய உறையில் வைத்து இத்துடன் அனுப்புகிறேன். உன்னுடையதை எழுதிக் கையெழுத்திட்டபிறகு பிரி.

ஃபுல்வியா


பதுவா, 23 ஜூன் 1982

ஃபுல்வியா,

ரயிலைப் பிடித்தேன். மீனைப் பற்றி ஜினோ இரண்டு நாள் புலம்பினார்.

412ஐத் திங்கட்கிழமை முழுவதும் பார்த்தேன். தடிப்பான கோடு எதுவும் இல்லை. தாய்க்கோடு ஒளிந்திருக்க இடமில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் நான்காவது கோடு தெரிந்தது. இடப்பக்கம், மங்கலாக, ஆறேழு குமிழி. எனக்கு எத்தனை நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது. நான்கு என்று எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன். எல்லோரும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள்.

பிறகு சுருளை ஒரு படம் நகர்த்தினேன். 413இல் எதுவும் சிதையவில்லை, வெறும் படம். அதே இடத்தை அதே போலப் பார்த்தேன். பத்து நிமிடம் கழித்து அங்கேயும் ஆறேழு குமிழி தெரிந்தது.

தாளின் அடியில் 'தெரியவில்லை' என்று ஒரு கட்டம் அச்சடித்திருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் நான் அதில் பேனா வைத்ததில்லை. இன்று வைத்தேன். தெஸ்ஸாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"இந்தக் கட்டத்துல மை பட்டு நான் பாத்ததே இல்ல ஒர்னெல்லா."

"கிடங்குக்கு எப்ப போகணும் டாக்டர்?"

"எந்தக் கிடங்கு? முப்பத்திரண்டாம் சுருள் வந்திருக்கு. ஒங்க மேசைலதான் வெச்சிருக்கேன், போய்ப் பாருங்க."

அதன்பிறகுதான் உன் உறையைப் பிரித்தேன். முதல் கட்டத்தில் 4 என்று எழுதி அடித்திருக்கிறாய். பிறகு 3 என்று எழுதி அதையும் அடித்திருக்கிறாய். மறுபடி 4, அதன்மேலும் ஒரு கோடு. கடைசியில் கீழே, என் பேனா எங்கே வந்து நின்றதோ அங்கே உன் பேனாவும் வந்து நின்றிருக்கிறது. உன் தாளில் ஓர் அடித்தலை நான் இதுவரை பார்த்ததே இல்லை.

ஒர்னெல்லா